வளர்ந்த பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் வாரத்தில் எதை வாசித்துக் காட்டலாம்?

பன்னிரண்டு வயது மகளுக்கும் பதினைந்து வயது மகனுக்கும் கிறிஸ்துமஸ் விடுமுறை மாலைகளில் உரக்க வாசித்துக் காட்டத் தகுந்த புத்தகங்கள் எவை என்று கேட்டிருக்கிறீர்கள். சென்ற ஆண்டு ஒரு கிறிஸ்துமஸ் கதைத் தொகுப்பை வாங்கி வாசித்தபோது மகன் இரண்டாம் நாளே எழுந்து போய்விட்டதாகவும், மகள் உங்கள் மனம் கோணக்கூடாதே என்று உட்கார்ந்திருந்ததாகவும் சொல்கிறீர்கள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இனி இதெல்லாம் எதற்கு என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பள்ளி நூலகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றி, டிசம்பர் வந்தால் மேல்வகுப்பு மாணவர்களுக்கு வாசித்துக் காட்டுவதை வழக்கமாக வைத்திருந்தவன் நான். கதை கேட்கும் ஆசை அந்த வயதில் போய்விடுவதில்லை. தங்களைக் குழந்தைகளாக எண்ணிப் பேசும் கதையை அவர்களால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை, அவ்வளவுதான்.

அதனால் அட்டையில் பனிமனிதனும் பரிசுப் பெட்டியும் இருக்கின்றனவா என்று பார்க்காமல், கதைக்குள் உண்மையான இழப்போ பயமோ பசியோ இருக்கிறதா என்று பாருங்கள். காலத்தைத் தாண்டி நிற்கும் கிறிஸ்துமஸ் கதைகள் பெரும்பாலும் இருட்டிலும் குளிரிலும் நடப்பவை. அவற்றில் பேய்கள் வருகின்றன, கடன் வருகிறது, அடிபடும் சிறுவர்கள் வருகிறார்கள். எல்லாரும் நல்லவர்களாகவே இருந்து, கடைசிப் பக்கத்தில் எல்லாருக்கும் பரிசு கிடைத்து முடியும் கதையில் பதினைந்து வயதுப் பையன் எதிர்பார்த்துக் காத்திருக்க ஒன்றும் இல்லை. அவன் எழுந்து போனதில் வியப்பு இல்லை.

வயதுக்கு மீறிய நடை என்று அஞ்சவும் வேண்டாம். வாசித்துக் காட்டுவது பற்றி அமெரிக்காவில் பல தலைமுறைப் பெற்றோருக்கு வழிகாட்டிய ஜிம் ட்ரிலீஸ், காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனைப் படித்துப் புரிந்துகொள்ளும் திறன் ஏறத்தாழ எட்டாம் வகுப்பில்தான் எட்டிப் பிடிக்கிறது என்று திரும்பத் திரும்ப எழுதினார். உங்கள் மகள் தானாகத் திறந்தால் மூன்றாம் பக்கத்தில் மூடிவைத்துவிடும் புத்தகத்தை, உங்கள் குரலில் கேட்டால் முழுவதும் பின்தொடர்வாள். வாசிப்பவரின் நிறுத்தமும் ஏற்ற இறக்கமும் பாதிப் பொருளை விளக்கிவிடும்.

இந்த அளவுகோல்களோடு பார்த்தால் முதலில் வந்து நிற்பது சார்லஸ் டிக்கென்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்'. எல்லாருக்கும் தெரிந்த கதைதானே என்று தோன்றும். ஆனால் பிள்ளைகளுக்குத் தெரிந்திருப்பது பெரும்பாலும் கார்ட்டூன் படமும் பாடநூலில் வந்த சுருக்கமும்தான். மூலத்தின் முதல் வாக்கியமே மார்லி செத்துப்போனான் என்று அறிவிக்கிறது. அடுத்த சில பக்கங்களில், மார்லியின் தொழில் கூட்டாளியான கஞ்சன் ஸ்க்ரூஜின் வீட்டுக் கதவில் இருக்கும் தட்டுவளையம் இறந்தவனின் முகமாக மாறுகிறது. பிறகு கீழே நிலவறையிலிருந்து சங்கிலி இழுபடும் ஓசை படியேறி வருகிறது. அந்தச் சங்கிலியில் பணப்பெட்டிகளும் சாவிகளும் பூட்டுகளும் கணக்குப் புத்தகங்களும் கோத்திருக்கின்றன. விளக்கைக் குறைத்துவிட்டு இந்த இடத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையும் நிமிர்ந்து பார்க்கும்.

இந்த நூல் பிறந்த விதத்தை மகனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. 1843ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுரங்கங்களிலும் தொழிற்கூடங்களிலும் வேலை செய்த குழந்தைகளின் நிலையை விவரிக்கும் அரசு அறிக்கை ஒன்று பிரிட்டனில் வெளியானது. அதைப் படித்துக் கொதித்த டிக்கென்ஸ், ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு துண்டுப் பிரசுரம் எழுத எண்ணினார். பின்னர் அந்த எண்ணத்தைக் கைவிட்டு, அதைவிடப் பலமாகத் தாக்கக்கூடிய ஒன்றாக இந்தக் கதையை எழுதினார். அந்த ஆண்டு செப்டம்பரில் லண்டனில் பரம ஏழைச் சிறுவர்களுக்கான பள்ளி ஒன்றுக்கும் அவர் போய்ப் பார்த்திருந்தார். டிசம்பர் 19 அன்று ஐந்து ஷில்லிங் விலையில் வெளியான 6000 படிகளும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளுக்குள் விற்றுத் தீர்ந்தன. மூன்றாம் பகுதியின் முடிவில், ஸ்க்ரூஜைத் தேடி வரும் ஆவிகளில் இரண்டாவதன் அங்கிக்குள்ளிருந்து எலும்பும் தோலுமான ஒரு சிறுவனும் சிறுமியும் வெளிப்படும் இடம் வரும். அறியாமை, வறுமை என்பவை அவர்களுடைய பெயர்கள். எங்கிருந்து வந்த குழந்தைகள் அவர்கள் என்பது உங்கள் மகனுக்கு முன்பே தெரிந்திருந்தால், அந்த இடத்தை அவன் வேறு விதமாகக் கேட்பான்.

மேலும் இது அதன் ஆசிரியராலேயே மேடையில் வாசிக்கப்பட்ட நூல். 1853 டிசம்பர் இறுதியில் பர்மிங்காம் நகர மண்டபத்தில் டிக்கென்ஸ் இதைப் பொதுமக்கள் முன் வாசித்தார்; உழைக்கும் மக்கள் வந்து கேட்பதற்காகக் கட்டணத்தைக் குறைத்து ஒரு வாசிப்பு நடக்க வேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டார். முதலில் மூன்று மணி நேரம் பிடித்த வாசிப்பைப் பின்னாளில் வெகுவாகச் சுருக்கிக்கொண்டார். அவர் பயன்படுத்திய பிரதி இப்போது நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. புத்தகத்தைப் பிரித்துத் தாள்களைப் பெரிய பக்கங்களில் ஒட்டி, வேண்டாத பத்திகளை அடித்து, எந்த இடத்தில் குரல் எப்படி மாற வேண்டும் என்று ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறார். ஆகவே நீங்களும் பென்சிலோடு உட்காருங்கள். கடைகளில் கிடைக்கும் சுருக்கப் பதிப்பை மட்டும் வாங்காதீர்கள்; அதில் கதை இருக்கும், டிக்கென்ஸின் குரல் இருக்காது. முழுப் பதிப்பை வைத்துக்கொண்டு, முதல் பக்கத்தில் ஹாம்லெட்டின் தந்தையைப் பற்றி வரும் சுற்றுப்பேச்சையும், மூன்றாம் பகுதியின் கடைவீதி வருணனையில் ஒரு பாதியையும் நீங்களே விட்டுவிடலாம். ஸ்க்ரூஜின் ஏழைக் குமாஸ்தா கிராட்சிட்டின் வீட்டு விருந்தில் மட்டும் ஒரு சொல்லைக்கூடக் குறைக்காதீர்கள். இத்தனை பேருக்கு அந்தச் சிறிய புட்டிங் போதாது என்று அந்த வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாமல் இருக்கும் அந்த நாகரிகம் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு நன்றாகவே புரியும்.

நூலில் ஐந்து பகுதிகள். முதல் இரண்டும் தலா முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். மூன்றாவது ஏறத்தாழ ஒரு மணி நேரம். நான்காவது அரை மணிக்குச் சற்றுக் கூடுதல். ஐந்தாவது இருபது நிமிடத்துக்குள் அடங்கும். டிசம்பர் 20 அன்று தொடங்கினால் 24ஆம் தேதி இரவு, எல்லாரும் களைத்திருக்கும் நாளில், மிகக் குறுகியதும் மிக மகிழ்ச்சியானதுமான பகுதி வந்து சேரும்.

ஐந்து மாலைகள் ஒதுக்க இயலாது என்றால் சிறுகதைகளுக்குப் போகலாம். எனக்கு மிகவும் நெருக்கமானது ஆன்டன் செக்காவின் 'வான்கா'. 1886 டிசம்பர் 25 அன்று பீட்டர்ஸ்பர்க் நாளிதழ் ஒன்றில் வெளியான, கால் மணி நேரத்தில் வாசித்து முடிக்கக்கூடிய கதை. மாஸ்கோவில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் வேலை பழக விடப்பட்ட ஒன்பது வயது வான்கா, முதலாளியும் மற்றவர்களும் தேவாலயத்துக்குப் போயிருக்கும் நேரத்தில், கசங்கிய தாளைப் பெஞ்சின் மேல் விரித்து, தரையில் மண்டியிட்டு, கிராமத்தில் இருக்கும் தாத்தாவுக்குக் கடிதம் எழுதுகிறான். மீனைச் சுத்தம் செய்யச் சொன்னபோது வால் பக்கத்திலிருந்து தொடங்கிவிட்டான் என்பதற்காக முதலாளியம்மா அந்த மீனின் தலையாலேயே தன் முகத்தில் இடித்ததைச் சொல்கிறான். என்னை வந்து அழைத்துக்கொண்டு போ என்று கெஞ்சுகிறான். உறையின் மேல் 'கிராமத்தில் இருக்கும் தாத்தாவுக்கு' என்று எழுதி, சற்று யோசித்து, தாத்தாவின் பெயரையும் சேர்த்து, ஓடிப்போய்த் தபால் பெட்டியில் போடுகிறான். பிறகு நம்பிக்கையோடு உறங்கிப்போகிறான்.

இதை ஒன்பதாம் வகுப்பில் ஒருமுறை வாசித்து முடித்தபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன், "சார், லெட்டர் போய்ச் சேருமா?" என்று கேட்டான். அவன் பக்கத்தில் இருந்தவன் திரும்பிப் பார்க்காமலே, "அட்ரஸே எழுதலையேடா" என்றான். நான் ஒன்றும் சேர்த்துச் சொல்லவில்லை. செக்காவ் சொல்லாமல் விட்டதை அந்த வயதுப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். அந்த நொடியை விளக்கம் சொல்லிப் பறித்துவிடக்கூடாது. வளர்ந்த பிள்ளைகளுக்கான கதையைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்க்கும் மிக முக்கியமான குணம் இதுதான்: ஆசிரியர் எதையாவது கேட்பவரிடம் நம்பி ஒப்படைத்திருக்கிறாரா?

ஓ. ஹென்றியின் 'தி கிஃப்ட் ஆஃப் தி மேஜாய்' 1905 டிசம்பரில் நியூயார்க் நாளிதழ் ஒன்றின் ஞாயிறு பதிப்பில் வந்தது. டெல்லாவின் கையில் இருக்கும் ஒரு டாலர் எண்பத்தேழு சென்ட்டில் தொடங்கும் இந்தக் கதையை மகன் பாடத்தில் படித்திருக்கக்கூடும். முடிவு தெரிந்திருந்தாலும் கெட்டுப்போகாது. இதை அவனையே வாசிக்கச் சொல்லலாம். இருபது நிமிடத்துக்கு மேல் ஆகாது.

சிரிக்கவும் வேண்டுமே என்று கேட்டால் பார்பரா ராபின்சனின் 'தி பெஸ்ட் கிறிஸ்துமஸ் பேஜன்ட் எவர்' நூலுக்கு இணையாக ஒன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. 1972இல் நூலாக வந்தது. இரண்டு மாலைகளில் முடித்துவிடலாம். சுருட்டுப் பிடிக்கும், பொய் சொல்லும், தீ வைக்கும் ஹெர்ட்மன் வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேர், தேவாலயத்தில் தின்பண்டம் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு வந்து, கிறிஸ்து பிறப்பு நாடகத்தின் முக்கிய வேடங்களையெல்லாம் மிரட்டி வாங்கிக்கொள்கிறார்கள். அந்தக் கதையை அவர்கள் அதற்கு முன் கேட்டதே இல்லை. ஆகவே பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒரு அறைகூடக் கொடுக்காத சத்திரக்காரன்மேல் அவர்களுக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. மாட்டுத் தீவனத் தொட்டியில் குழந்தையைக் கிடத்தினார்களா, குழந்தைநல அலுவலர்கள் எங்கே போனார்கள் என்று கேட்கிறார்கள். குழந்தையைக் கொல்லத் தேடிய ஏரோது மன்னனுக்கு என்ன தண்டனை கிடைத்தது என்று நூலகத்துக்குப் போய்த் தேடுகிறார்கள். ஞானிகளாக வேடமிட்ட ஹெர்ட்மன் பையன்கள், தங்கள் வீட்டுக்கு உதவியாக வந்த உணவுக் கூடையிலிருந்து பன்றியிறைச்சியை எடுத்து வந்து குழந்தைக்குக் காணிக்கையாக வைக்கும் இடத்தில் வீடே சிரித்து, உடனே அமைதியாகிவிடும். ஆண்டுதோறும் லூக்கா இரண்டாம் அதிகாரத்தைக் கேட்டுப் பழகிப்போன கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த நூல் அந்த இருபது வசனங்களைப் புதிதாகத் திருப்பித் தருகிறது. வேறு சமயத்துப் பிள்ளைகளோ ஹெர்ட்மன்களைப் போலவே முதன்முறையாகக் கேட்கிறார்கள். இரு சாராருக்கும் ஒரே அளவு பொருந்தும் கிறிஸ்துமஸ் நூல்கள் மிகக் குறைவு.

ட்ரூமன் கபோட்டியின் 'எ கிறிஸ்துமஸ் மெமரி' 1956இல் ஓர் இதழில் வெளிவந்தது. அலபாமாவில் ஏழு வயதுச் சிறுவனும், அறுபது வயதைத் தாண்டிய அவனுடைய உறவுக்காரப் பெண்மணியும் ஆண்டு முழுவதும் சேர்த்து வைத்த சில்லறையைக் கொண்டு பழக் கேக்குகள் செய்து, அதிகம் பழக்கமில்லாதவர்களுக்கும், அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கும்கூட அனுப்பிவைக்கிறார்கள். கேக்கில் ஊற்றுவதற்கான விஸ்கியை ரகசியமாக விற்கும் முரட்டு மனிதர், காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எனக்கும் ஒரு கேக் அனுப்புங்கள் என்று கேட்கும் இடம் இருக்கிறதே, அதற்காகவே வாசிக்கலாம். மீந்த விஸ்கியை இருவரும் குடித்துவிட்டு ஆடும் பகுதி ஒன்று உண்டு. சில வீடுகளில் அது சங்கடமாக இருக்கலாம் என்பதால் முன்னதாகவே சொல்லிவைக்கிறேன். முடிவில் பிரிவும் மரணமும் வருகின்றன. பாட்டியையோ தாத்தாவையோ அண்மையில் இழந்த வீட்டில் இதை ஓராண்டு தள்ளிவைப்பது நல்லது.

டிலன் தாமஸின் 'எ சைல்ட்ஸ் கிறிஸ்துமஸ் இன் வேல்ஸ்' வானொலிக்காக எழுதிய உரையிலிருந்து வளர்ந்தது. 1952இல் நியூயார்க்கில் அவரே வாசித்துப் பதிவுசெய்த ஒலித்தட்டு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. இதில் கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஓடும் வாக்கியங்களின் இசைதான் எல்லாம். வீட்டில் புகை சூழ்ந்து, தலைக்கவசம் பளபளக்க நிற்கும் தீயணைப்பு வீரர்களிடம் மிஸ் ப்ரோதரோ, படிக்க ஏதாவது வேண்டுமா என்று கேட்பதைப் போன்ற தருணங்கள் வந்துகொண்டே இருக்கும். முன்கூட்டி இரண்டு முறையாவது வாய்விட்டு வாசித்துப் பழகாமல் இதைத் தொடாதீர்கள், மூச்சு முட்டும்.

பதினைந்து வயதுப் பையனுக்குத் தனியாக ஒரு மாலை கொடுக்க வேண்டும் என்றால் எனக்கு இரண்டு யோசனைகள் உண்டு. ஒன்று, ஆர்தர் கோனன் டாயிலின் 'தி ப்ளூ கார்பங்கிள்'. கிறிஸ்துமஸ் காலையில் ஒரு பழைய தொப்பியும் ஒரு வாத்தும் ஷெர்லாக் ஹோம்ஸிடம் வந்து சேர்வதில் தொடங்கும் இந்தக் கதையில் கொலை இல்லை, இரத்தம் இல்லை. தொப்பியை வைத்தே அதன் உரிமையாளரின் வாழ்க்கையை ஹோம்ஸ் சொல்லும் இடத்துக்குமுன் நிறுத்தி, நீ என்ன சொல்வாய் என்று மகனைக் கேட்கலாம். இறுதியில் குற்றவாளியை ஹோம்ஸ் போகவிட்டுவிடுகிறார். அது சரியா என்ற வாக்குவாதம் சாப்பாட்டு மேசை வரை நீளும், அதை நீங்கள் தொடங்கி வைக்கவே வேண்டியிருக்காது. மற்றொன்று எம். ஆர். ஜேம்ஸ் எழுதிய பேய்க்கதைகள். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு நண்பர்களைக் கூட்டி வைத்து வாசிப்பதற்கென்றே அவர் பல கதைகளை எழுதினார். முதல் தொகுப்பு 1904இல் வந்தது. 'ஓ, விசில், அண்ட் ஐ வில் கம் டு யூ, மை லாட்' கதையில் ஒரு பேராசிரியர் கடற்கரை விடுதியில், இரண்டு கட்டில்கள் உள்ள அறையில் தனியாகத் தங்குகிறார். அந்த இரண்டாவது கட்டிலைப் பற்றி இதற்கு மேல் சொல்லமாட்டேன். மகள் எளிதில் பயப்படுவாள் என்றால் இதை அவள் உறங்கிய பிறகு வாசியுங்கள்.

நீண்ட நாவல் ஒன்றுக்கு மனம் இருந்தால் சூசன் கூப்பரின் 'தி டார்க் இஸ் ரைசிங்'. 1973இல் வெளியான இந்த நாவல், வில் ஸ்டான்டன் என்ற சிறுவனின் பதினோராம் பிறந்தநாளுக்கு முந்தைய மாலையில், டிசம்பர் 20இல் தொடங்குகிறது. காகங்கள் வெறிகொண்டு கத்துகின்றன, பனி விழத் தொடங்குகிறது, பக்கத்துப் பண்ணைக்காரர் ஓர் இரும்பு வளையத்தைக் கொடுத்து எப்போதும் உடம்பிலிருந்து பிரியாமல் வைத்திரு என்கிறார். கதையின் நாட்களோடு நம் நாட்களும் நகரும்படி, கிறிஸ்துமஸைத் தாண்டி ஜனவரி முதல் வாரம் வரை வாசிக்கலாம். 2022இல் பி.பி.சி. உலகச் சேவை இதைப் பன்னிரண்டு பகுதி வானொலி நாடகமாக அதே டிசம்பர் 20இல்தான் தொடங்கியது. ஐந்து நூல்களின் வரிசையில் இது இரண்டாவது என்றாலும் முதலாவதைப் படித்திருக்க வேண்டிய தேவை இல்லை.

டோல்கியன் தம் பிள்ளைகளுக்கு 1920 முதல் 1943 வரை ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் தாத்தாவின் பெயரால் எழுதிய கடிதங்கள் அருமையானவை. ஆனால் நடுங்கும் கையெழுத்தையும் ஓவியங்களையும் கண்ணால் பார்க்க வேண்டும், காதுக்கு மட்டும் அவை போதா. ஜோஸ்டீன் கார்டரின் 'தி கிறிஸ்துமஸ் மிஸ்டரி' டிசம்பர் முதல் நாளிலிருந்து நாளுக்கொன்றாக இருபத்துநான்கு அத்தியாயங்கள் கொண்டது. பத்து வயதில் தொடங்கியிருந்தால் மகளுக்குப் பிடித்திருக்கும், மகன் உட்கார மாட்டான்.

எந்த மொழியில் வாசிப்பது என்பதும் தேர்வின் ஒரு பகுதிதான். டிக்கென்ஸையும் டிலன் தாமஸையும் ஆங்கிலத்திலேயே வாசியுங்கள். அவர்களிடம் ஓசையே உயிர். 'வான்கா'வையும் ஓ. ஹென்றியையும் தமிழில் வாசிக்கலாம், நல்ல மொழிபெயர்ப்பு கைவசம் இல்லையென்றால் பார்த்தபடியே தமிழில் சொல்லிக்கொண்டும் போகலாம். வான்காவின் கடிதம் ஒரு சிறுவன் எழுதியது, சின்னச் சின்ன வாக்கியங்கள். நம் பேச்சுத் தமிழில் அது இன்னும் வலிக்கும்.

வாங்குமுன் ஒன்று செய்யுங்கள். டிக்கென்ஸ், செக்காவின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள், ஓ. ஹென்றி, கோனன் டாயில், ஜேம்ஸ் ஆகியவை பிராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எந்த நூலானாலும் நடுவிலிருந்து ஒரு பக்கத்தைத் தனியாக உட்கார்ந்து உரக்க வாசியுங்கள். உரையாடலில் யார் பேசுவது என்பது குரலிலேயே தெரிகிறதா, வாக்கியம் முடியுமுன் மூச்சு தீர்ந்துவிடுகிறதா, உங்களுக்கே அடுத்த பக்கம் போகத் தோன்றுகிறதா என்று கவனியுங்கள். உங்களுக்குச் சலிப்பு தட்டினால் அது முதல் நிமிடத்திலேயே குரலில் தெரிந்துவிடும். பிறகு தேறியவற்றில் இரண்டின் முதல் பக்கத்தை மட்டும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டி, எது வேண்டும் என்று மகனைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தானே தேர்ந்ததை விட்டு அவன் அவ்வளவு எளிதில் எழுந்து போகமாட்டான்.

உங்கள் வீட்டுக்கு என்று கேட்டால், இந்த ஆண்டு 18, 19 தேதிகளில் ஹெர்ட்மன்களை வாசித்துச் சிரித்துவிட்டு, 20 முதல் 24 வரை டிக்கென்ஸை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். 26ஆம் தேதி ஒரு மாலை ஹோம்ஸுக்கு. 'வான்கா'வை அந்த வாரத்தில் அடைக்க வேண்டாம். பள்ளி திறந்தபின் வரும் ஏதாவதொரு ஞாயிற்றுக்கிழமை மாலை அதற்குப் போதும். கூப்பரின் நாவல், மகளுக்குப் பதின்மூன்று நிறையும் அடுத்த டிசம்பருக்கு இருக்கட்டும்.